மேல்மாடி ஹானுமின் அடுப்படி

ஈரானில் இருந்துவிட்டு வந்த பிள்ளை என்று தெரிந்ததும் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அப்ப ஒவ்வொரு நாளும் கபாப்தானா?" வகுப்புத் தோழிகள் கேட்டிருக்கிறார்கள். கலியாண வீட்டில் ஒரே சஹனில் உட்கார்ந்த மாமிமார் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொன்னால் யாரும் நம்புவதாகத் தெரியவில்லை. சஞ்சிகைக்கு ஏதாவது எழுதித் தரும்படி தமிழ் டீச்சர் சொன்னபோது, இதையே ஒருதரம் விளக்கமாக எழுதிவிட்டால் பிறகு திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லையே என்று நினைத்தேன்.

என் வாப்பா தேயிலை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை செய்பவர். நம் நாட்டுத் தேயிலையை விரும்பிக் குடிக்கும் நாடுகளில் ஈரானும் ஒன்று. அங்கே கடைகளில் 'சாய்-ஏ-ஸெய்லான்', அதாவது சிலோன் தேயிலை, என்று கேட்டு வாங்குவார்கள். அந்த வேலையாக வாப்பா தெஹ்ரானுக்கு அனுப்பப்பட்டபோது நாங்களும் கூடப் போனோம். 2017 முதல் 2019 கடைசி வரை யூசுஃப் ஆபாத் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். போகும்போது எனக்கு 11 வயது, தம்பிக்கு 5.

முதலில் கபாபைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வாசிப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஈரானில் மிகவும் சாதாரணமாகக் கிடைப்பது 'கூபிதே'. ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ கொழுப்போடு சேர்த்து அரைத்து, துருவிய வெங்காயத்தின் சாற்றைப் பிழிந்து விட்டுச் சக்கையை மட்டும் கலந்து, உப்புப் போட்டு ரொட்டி மாவைப் போல நெடுநேரம் பிசைவார்கள். பிறகு இரண்டு விரல் அகலமான தட்டைக் கம்பியில் அதை ஒட்டி, விரல்களால் வரிவரியாக அழுத்துவார்கள். கரி அடுப்பின் மேல் வலைத்தட்டு கிடையாது. கம்பியின் இரண்டு முனைகளும் அடுப்பின் விளிம்பில் நிற்க, இறைச்சி அந்தரத்தில் வேகும். சரியாகப் பிசையாவிட்டால் முழுவதும் நெருப்பில் விழுந்துவிடும். 'பர்க்' என்பது மென்மையான இறைச்சித் துண்டைத் தட்டையாக்கிச் சுடுவது. 'ஜூஜே' கோழி. அது குங்குமப்பூவிலும் தேசிக்காய்ச் சாற்றிலும் ஊறி மஞ்சளாக வரும்.

இதை வெள்ளைச் சோற்றோடு வைத்தால் 'செலோ கபாப்'. சோற்றின் மேல் ஒரு துண்டு பட்டர், பக்கத்தில் சுட்ட தக்காளி, பச்சை வெங்காயம், தூவிக்கொள்ள 'சுமாக்' என்னும் புளிப்பான சிவப்புத் தூள். குடிக்க 'தூக்', அதாவது உப்புப் போட்ட மோர். மிளகாய் இல்லை. அக்குறணையில் பிறந்து வளர்ந்த என் உம்மா முதல் நாள் சாப்பிட்டுவிட்டு, "இறைச்சி நல்லம்தான் மகள், உறைப்பு எங்க?" என்று கேட்டார். மூன்றாவது மாதத்தில் அந்தக் கேள்வி நின்றுவிட்டது.

செலோ கபாப், 1848 முதல் 1896 வரை ஆண்ட நாஸருத்தீன் ஷாவின் காலத்தில் தெஹ்ரானில் பரவியது என்று சொல்வார்கள். அரண்மனையில் பிடித்துப்போன சாப்பாடு பஸாருக்கு வந்து எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. இன்றும் தெஹ்ரான் பெரிய பஸாரில் பகல் நேரத்தில் சாப்பாட்டுக் கடை வாசல்களில் வரிசை நிற்கும். வாப்பா எங்களை இரண்டு மூன்று தடவை கூட்டிப் போயிருக்கிறார். அங்கே நான் கவனித்த ஒன்று, இறைச்சி பிசைபவர், கம்பியில் ஒட்டுபவர், விசிறுபவர், காசு வாங்குபவர் எல்லோருமே ஆண்கள். வீட்டிலும் அப்படித்தான். நவ்ரூஸ் என்னும் அவர்களுடைய புத்தாண்டின் 13ஆம் நாள் எல்லாக் குடும்பங்களும் பூங்காக்களுக்குப் போவார்கள். கபாப் புகை பூங்கா முழுக்க நிற்கும். விசிறியோடு அடுப்பின் முன்னால் நிற்பவர்கள் வாப்பாமாரும் மாமாமாரும்தான். சட்டியோடு வீட்டிலிருந்து வந்த மற்றச் சாப்பாடு யாருடைய கை என்று யாரும் கேட்பதில்லை.

அந்த மற்றச் சாப்பாடுதான் ஈரான் என்பது என் எண்ணம். அது கடைத்தெருவில் இருந்து பார்த்தால் தெரியாது. எங்களுக்குத் தெரிய வந்தது மேல்மாடியில் இருந்த ஹானுமால். 'ஹானும்' என்பது மரியாதைக்குரிய பெண்ணை அழைக்கும் சொல். அவருக்குப் பெயர் இருந்தாலும் உம்மா கடைசி வரை ஹானும் என்றேதான் கூப்பிட்டார்.

சோற்றில் தொடங்குகிறேன். நாம் சோறு என்று ஒரே சொல்லில் சொல்வதற்கு அங்கே மூன்று சொற்கள் இருக்கின்றன. தண்ணீர் வற்றும்வரை வேகவைப்பது 'கதே'. காஸ்பியன் கடலோரத்து நெல் விளையும் ஊர்களில் அதுதான் அன்றாடச் சோறு. வடித்துத் தம்மில் போட்ட வெள்ளைச் சோறு 'செலோ'. அதற்குள் பழமோ பருப்போ இலைகளோ அடுக்கினால் 'போலோ'.

செலோ ஆக்குவதை ஹானும் எங்களுக்குப் பலமுறை காட்டித் தந்திருக்கிறார். நீண்ட அரிசியைக் கழுவி, உப்புத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறப் போட வேண்டும். பெரிய சட்டியில் நிறையத் தண்ணீர் கொதிக்கும்போது அரிசியைக் கொட்டி, வெளிப்பக்கம் மெதுவாகவும் நடுவில் சிறிது விறைப்பாகவும் இருக்கும்போதே வடிதட்டில் கொட்டிவிட வேண்டும். அந்த நேரம்தான் முக்கியம். ஒரு நிமிடம் பிந்தினால் களி. ஹானும் மணிக்கூட்டைப் பார்க்க மாட்டார். இரண்டு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். பிறகு சட்டியில் எண்ணெயும் குங்குமப்பூத் தண்ணீரும் விட்டு, சோற்றை நடுவில் குன்று போலக் குவித்து, கரண்டிக் காம்பால் நாலைந்து துளை போடுவார். ஆவி மேலே வருவதற்கு. மூடிக்குத் தடித்த துணியொன்றைக் கட்டி, அடுப்பைக் குறைத்து, ஒரு மணி நேரம் விட்டுவிடுவார். துணி ஆவியைக் குடித்துக்கொள்வதால் மூடியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சோறு கசகசக்காது. பருக்கைக்குப் பருக்கை ஒட்டாமல் வரும்.

ஆனால் எல்லோரும் காத்திருப்பது மேலே உள்ள சோற்றுக்கு அல்ல. அடியில் எண்ணெயில் பொரிந்து பொன்னிறமாகப் பிடித்திருக்கும் படைக்குத்தான். அதற்குப் பெயர் 'தஹ்தீக்', சட்டியின் அடி என்று பொருள். சிலர் சோற்றையே பிடிக்க விடுவார்கள், சிலர் அடியில் மெல்லிய ரொட்டியையோ உருளைக்கிழங்கு வட்டங்களையோ பரப்புவார்கள். முதல் விருந்தன்று ஹானும் அதில் பெரிய துண்டை எடுத்து உம்மாவின் தட்டில் வைத்தார். உம்மா என் காதில், "இதென்ன மகள், அடிப்பிடிச்ச சோத்த எடுத்து விருந்தாளிட பீங்கானில வெக்கிறாங்க!" என்றார். நம் வீடுகளில் அடிப்பிடித்த சோறு சமைத்தவளின் தலையில் வந்து விழும் குற்றம். அங்கே அது வராவிட்டால்தான் குற்றம். சட்டியைக் கவிழ்க்கும்போது ஹானுமின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பரீட்சைப் பெறுபேறு பார்க்கிற முகம்தான்.

இந்தச் சோற்றோடு சேர்வது 'ஹொரேஷ்'. நம் பேச்சில் சொன்னால் ஆணம். அதில் தேங்காய்ப்பால் இல்லை, கொச்சிக்காய் இல்லை. புளிப்பும் இலைகளும் நேரமும்தான் இருக்கின்றன. கத்தரிக்காய் ஆணம் இருக்கிறது. கடலைப் பருப்பைப் போன்ற ஒரு பருப்பும் இறைச்சியும் சேர்ந்த 'கெய்மே' இருக்கிறது. அதை முஹர்ரம் மாதத்தில் பெரிய சட்டிகளில் ஆக்கித் தெருவில் எல்லோருக்கும் கொடுப்பார்கள். 'ஃபெஸென்ஜான்' என்பது அக்ரூட் பருப்பை மாவாக அரைத்து, மாதுளைச் சாற்றைக் காய்ச்சிய பாகோடு கோழி சேர்த்து ஆக்குவது. பார்க்கச் சேறு போல இருக்கும். தம்பி தொடவே இல்லை. நான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அக்ரூட் சூடான சாப்பாடு, அதனால் தயிர் சாப்பிடுங்கள் என்பார் ஹானும். மீன் சாப்பிட்டால் அது குளிர் என்று பேரீச்சம்பழம் தருவார். இதைக் கேட்டதும் உம்மாவுக்கு ஒரே சந்தோஷம். சூடு, குளிர் என்று உம்மும்மா சொன்னதையெல்லாம் நாங்கள் சிரித்துத் தள்ளியிருந்தோம் அல்லவா, இப்போது தூர தேசத்தில் இருந்து சாட்சி கிடைத்துவிட்டது!

எல்லா ஆணங்களுக்கும் மேலானது 'கொர்மே ஸப்ஸி'. பார்ஸ்லி, கொத்தமல்லித் தழை, நம் லீக்ஸின் தங்கை போன்ற 'தரே' என்னும் மெல்லிய இலை, சிறிதளவு வெந்தயக்கீரை ஆகியவற்றைப் பொடியாக அரிந்து, பச்சை நிறம் கறுக்கும்வரை எண்ணெயில் வதக்குவார்கள். அதனோடு இறைச்சியும் சிவப்பு போஞ்சி விதையும். புளிப்புக்குக் காய்ந்த தேசிக்காய் முழுதாகப் போடப்படும். அதற்கு 'லீமூ அமானி', அதாவது ஓமான் தேசிக்காய் என்று பெயர். சிறு தீயில் நாலு மணி நேரமாவது கிடக்க வேண்டும். ஆக்கும் நாளில் மாடிப்படியில் ஏறும்போதே எந்த வீட்டில் என்று சொல்லிவிடலாம்.

அந்த வாசனையைப் பற்றி எழுதும்போது 2018ஆம் ஆண்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த வருடம் ஊரில் உம்மும்மா மௌத்தானார். காலையில் செய்தி வந்தது, அன்று அஸருக்குப் பிறகு ஜனாஸா அடக்கம். தெஹ்ரானில் இருந்து எந்த விமானத்தில் ஏறினாலும் போய்ச் சேர முடியாது. உம்மா போனைக் கையில் பிடித்தபடி ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். நம் ஊரில் மையித்து வீட்டில் அடுப்பு எரிய விட மாட்டார்கள், அயல்வீடுகளில் இருந்து சாப்பாடு வந்துகொண்டே இருக்கும். எங்களுக்கு அங்கே அயல் என்று யார்? வாப்பா கடையில் ரொட்டி வாங்கி வந்தார். யாரும் சாப்பிடவில்லை.

மஃரிபுக்குப் பிறகு கதவு தட்டப்பட்டது. ஹானும் ஒரு கையில் சட்டியும் மறு கையில் தட்டுமாக நின்றார். சட்டியில் கொர்மே ஸப்ஸி. தட்டில் ஹல்வா. நம் மஸ்கட் போன்றதல்ல அது. கோதுமை மாவை நெய்யில் வறுத்து, சீனிப் பாகும் குங்குமப்பூவும் பன்னீரும் விட்டுக் கிளறி, தட்டில் பரப்பிக் கரண்டியால் வரி போடுவார்கள். மரண வீடுகளுக்கென்றே அங்கே அதைக் கிண்டுவார்கள். ஹானுமுக்கு ஆங்கிலம் தெரியாது. உம்மாவுக்கு அப்போது பாரசீகத்தில் இருபது சொல் கூட வராது. ஹானும் குசினிக்குப் போய், தானே தட்டுகளை எடுத்து, சோற்றைப் போட்டு, உம்மாவின் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். உம்மா சாப்பிட்டார். அழுதபடிதான் சாப்பிட்டார். ஆனால் சாப்பிட்டார். மூன்று நாளும் சாப்பாடு மேலிருந்துதான் வந்தது.

நாலாம் நாள் ஹானும் வேறொன்று செய்தார். நாலைந்து கிலோ இலைக் கட்டுகளை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து, தரையில் துணி விரித்துக் கொட்டி, உம்மாவைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். இலை ஆய்வது அங்கே பெண்கள் கூடிச் செய்யும் வேலை. மண், புல், வாடிய இலை எல்லாம் பொறுக்கி, காம்பைக் கிள்ளி எறிய வேண்டும். இரண்டு மணி நேரம் போகும். கை வேலை செய்யும், வாய் கதைத்துக்கொண்டிருக்கும். உம்மா தன் தாயைப் பற்றித் தமிழில் சொன்னார். ஹானும் தன் தாயைப் பற்றிப் பாரசீகத்தில் சொன்னார். நடுவில் நான் எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடப் பாரசீகத்தில் மொழிபெயர்க்கப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில், "நீ சும்மா இரு மகள், வெளங்குது" என்று உம்மா சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருநாள் இலை ஆய்தல் நடந்தது. உம்மா ஆக்கிய கொர்மே ஸப்ஸி பல மாதம் ஹானுமுக்குத் திருப்தியாக வரவில்லை. வெந்தயக்கீரை கூடிக் கசந்தது, இல்லையென்றால் எண்ணெய் பிரியுமுன் இறக்கிவிட்டார். ஒருநாள் ருசி பார்த்துவிட்டு, "ஜா ஒஃப்தாதே" என்றார். ஆணம் தன் இடத்தில் அமர்ந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் வேறு இலை வேறு என்று நிற்காமல், எண்ணெய் மேலே வந்து, எல்லாம் ஒன்றாகப் படிந்துவிட்ட பதம். அதைச் சொல்லும்போது வாப்பாவும் வீட்டில் இருந்தார். உம்மா அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார்.

கொஞ்சம் வழி விலகிச் சொல்கிறேன். கொர்மே என்பதும் நாம் இடியப்பத்துக்கு ஊற்றும் குருமாவும் ஒரே வேரில் இருந்து வந்த சொற்கள். தம் போடுவது என்கிறோமே, அந்தத் 'தம்' பாரசீகத்தில் மூச்சு, ஆவி. புரியாணியும் பாரசீகச் சொல்தான், பொரித்தது, வறுத்தது என்ற பொருளில். ஆனால் எங்கள் தம்பி இஸ்ஃபஹானுக்குப் போனபோது புரியாணிக் கடைப் பலகையைக் கண்டு துள்ளி, தட்டு வந்ததும் அழத் தொடங்கிவிட்டான். அங்கே 'பெர்யானி' என்றால் வேகவைத்து அரைத்த ஆட்டிறைச்சியைச் சின்னத் தாச்சியில் கறுவாத்தூளோடு பொரித்து ரொட்டியின் மேல் வைப்பது. சோறு ஒரு பருக்கை கிடையாது! நான் அவனுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

2018 மே மாதம் அமெரிக்கா அணு உடன்பாட்டில் இருந்து விலகி, தடைகள் மறுபடியும் வந்தன. ரியாலின் பெறுமதி விழுந்தது. நாங்கள் வெளிநாட்டுச் சம்பளத்தில் இருந்ததால் அவ்வளவாகத் தெரியவில்லை. ஹானுமின் கணவர் ஓய்வூதியம் பெறுபவர். 2019 தொடக்கத்தில் அரசாங்க விலை இறைச்சிக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். ஹானுமின் ஆணத்தில் போஞ்சி விதை கூடிக்கொண்டே போனது, இறைச்சித் துண்டு குறைந்துகொண்டே போனது. ஆனால் நாங்கள் போகும் நாளில் எங்கள் தட்டுகளில் மட்டும் இறைச்சி இருக்கும். அங்கே 'தாரூஃப்' என்றொரு வழக்கம் உண்டு. கொடுப்பவர் திரும்பத் திரும்ப வற்புறுத்துவார், வாங்குபவர் வேண்டாம் வேண்டாம் என்பார், மூன்றாம் தரம் வாங்கிக்கொள்வார். வெறும் உபசாரப் பேச்சு என்று சிலர் சொல்வார்கள். கிலோ இறைச்சி என்ன விலை என்று தெரிந்த பிறகும் அந்த அகப்பை என் தட்டுக்கு மேலே வந்து நின்றதை நினைத்தால் எனக்கு அப்படிச் சொல்ல வராது. உம்மா பிறகு தந்திரம் ஒன்று செய்தார். இரண்டு கிலோ இறைச்சியை வாங்கி, "எனக்கு வெட்டத் தெரியாது, காட்டித் தாங்க" என்று மேலே கொண்டுபோவார். இறைச்சி வெட்டத் தெரியாத அக்குறணைப் பெண்ணா! ஹானுமுக்கும் அது தெரிந்திருக்கும். இரண்டு வீட்டுக்கும் ஒரே சட்டியில் ஆகிவிடும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஈரானியச் சமையல் பற்றித் தேடி வாசித்தேன். ஸஃபவி அரசர்களின் காலத்துச் சமையல் நூல்கள் இரண்டு இன்றும் கிடைக்கின்றன. ஒன்று 1521இல் எழுதப்பட்டது. மற்றதை முதலாம் ஷா அப்பாஸின் சமையற்காரர் நூருல்லாஹ் 1594இல் எழுதினார். இரண்டையும் எழுதியவர்கள் அரண்மனை ஆண்கள். வீட்டுப் பெண்ணின் கைக்கு ஒரு புத்தகம் என்று ஈரானில் எல்லோரும் சொல்வது இருபதாம் நூற்றாண்டில் ரோஸா மொன்தஸெமி எழுதிய 'ஹொனர்-ஏ ஆஷ்பஸி'யைத்தான். சமையற்கலை என்று அதற்குப் பொருள். மணமகளின் சீர்ப் பொருட்களோடு அதையும் வைப்பார்களாம். ஹானுமிடமும் ஒன்று இருந்தது, அட்டை கழன்று, எண்ணெய்க் கறையோடு. ஆனால் அவர் அதைத் திறந்து நான் பார்த்ததில்லை.

ஹானுமின் மகள் மருந்தாளர் படிப்புப் படித்தவர். அவருடைய வீட்டில் கொர்மே ஸப்ஸி வதக்கி உறைய வைத்த பைக்கற்றில் இருந்து வரும். அதற்காக ஹானும் அவரைக் குறை சொல்லவில்லை. "நான் இலை ஆய்ந்த நேரத்தில் அவள் படித்தாள்" என்று மட்டும் சொன்னார். இதில் எந்தப் பக்கம் பேசுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் எனக்கும் இரண்டு மணி நேரம் இலை ஆய நேரமில்லைதான். ஆனால் அந்தத் துணியைச் சுற்றி உட்கார்ந்த நாட்களை எந்தப் பைக்கற்றில் அடைப்பது?

அங்கே சாப்பிட்டு முடித்தால் சமைத்தவரிடம் "தஸ்தெத் தர்த் நகொனே" என்பார்கள். உன் கை நோகாதிருக்கட்டும் என்று அர்த்தம். வாப்பா அதைத் தெஹ்ரானில் பழகிக்கொண்டார், இங்கே வந்தும் விடவில்லை. பிளேன்டீக்குக் கூடச் சொல்கிறார். முதலில் உம்மும்மாவின் வீட்டு ஆட்கள் சிரித்தார்கள். இப்போது என் சின்ன மாமாவும் ஒரு மாதிரியாகத் தமிழில் சொல்லப் பழகுகிறார்.

இப்போது எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒருநாள் கொர்மே ஸப்ஸி ஆகும். 'தரே'க்குப் பதிலாக நுவரெலியா லீக்ஸின் பச்சைப் பக்கம். கொத்தமல்லித் தழைக்குக் குறைவில்லை. பார்ஸ்லி பெரிய கடைகளில் சின்னக் கட்டாக, நல்ல விலைக்குக் கிடைக்கிறது. காய்ந்த வெந்தயக்கீரையை வாப்பா கொழும்பில் இருந்து வாங்கி வருவார். தஹ்தீக் பங்கு பிரிக்கும்போது எனக்கும் தம்பிக்கும் சண்டை வரும். அவனுக்கு ரொட்டி போட்டது வேண்டும், எனக்குச் சோறு பிடித்தது வேண்டும்.

கொண்டுவந்த காய்ந்த தேசிக்காய் எப்போதோ முடிந்துவிட்டது. போன மாதம் உம்மா 30 தேசிக்காயை உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, கூரைத் தட்டில் காயப் போட்டார். நடுவில் மழை வந்தது, காகமும் இரண்டைத் தூக்கிப் போனது. மீதியைப் படம் எடுத்து ஹானுமுக்கு அனுப்பினோம். தோல் கறுத்தது போதாது, கையில் எடுத்தால் பாரமே தெரியக் கூடாது என்று குரல் பதிவில் சொல்லியிருந்தார். ஒவ்வொரு நாள் காலையிலும் உம்மா மேலே போய் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார். இன்றும் பாரமாகத்தான் இருந்ததாம்.